கண்மாய் அரிப்பும் சிரங்கு லோஷனும்

தை மாசம் எங்கள் கண்மாயில் கரையோரத் தண்ணீர் முழங்கால் அளவுதான் நிற்கும். அதில் துணி அலசிவிட்டு வந்த அன்று சாயங்காலமே இரண்டு காலிலும் அரிப்பு. விடிவதற்குள் கடுகளவில் சிவந்த தடிப்புகள். முழங்காலுக்கு மேலே ஒன்றுகூட இல்லை.

"கடல்ல சொறிமீன் கிறிமீன் பட்டுருச்சா?" என்றார் அம்மா. தேவிபட்டினக் கடலுக்கு நான் போயே நாளாச்சு. சொறிமீன், அதாவது ஜெல்லி மீன், பட்டால் அந்த நிமிஷமே எரியும். இது பொழுது சாய்ந்த பிறகு வந்த நமைச்சல். மருந்துக்கடையில் படர்தாமரைக் களிம்பு கொடுத்தார்கள். அடங்கவில்லை. கிளினிக்கில் சிரங்கு என்று சொல்லி, வீட்டில் எல்லோரும் கழுத்து முதல் பாதம் வரை தடவ லோஷன் எழுதினார்கள். வேறு யாருக்கும் அரிப்பே இல்லை!

விடை சொன்னது, மாட்டுக்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டர். காலைப் பார்த்ததும், "கண்மாயில நத்தை நெறையக் கெடக்கா தம்பி?" என்றார். பாசியில் ஒட்டியிருந்த நத்தைகளை அள்ளி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் விட்டு வெயிலில் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் தூசி தூசியாக ஏதோ துள்ளியது. அவருடைய மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் வால் நுனி இரண்டாகப் பிளந்திருந்தது.

வாத்து, மாடு போன்றவற்றின் ரத்தக்குழாயில் வாழும் தட்டைப்புழுவின் குஞ்சுகளாம். எச்சத்திலும் சாணத்திலும் முட்டை தண்ணீருக்கு வரும், பொரிந்தது நத்தைக்குள் பெருகும், பிறகு வெளியேறி வாத்தையோ மாட்டையோ தேடும். குறுக்கே நம் கால் இருந்தால் அதில் துளைத்து, தோலிலேயே செத்துப்போகும். அதற்கு உடம்பு காட்டும் எதிர்ப்புதான் அரிப்பு. 1928-லேயே அமெரிக்காவில் கார்ட் என்பவர் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஆனால் மறுபடி பட்டால் முன்னைவிடக் கடுமையாக வரும்.

தோல் டாக்டரும் அதையே சொல்லி, கலமைன் லோஷனும் ராத்திரிக்கு செட்டிரிசினும் கொடுத்தார். சொறிந்து புண்ணாக்காமல் இருந்ததில் ஒரு வாரத்தில் வாடிவிட்டது. இப்போது பாசி படர்ந்த ஓரத்தில் இறங்குவதில்லை. கரையேறியதும் துண்டால் அழுத்தித் துடைத்துவிடுகிறேன்.

நத்தைக்கு மருந்தடிக்கலாமே என்று ஊரில் சிலர் கேட்டார்கள். அந்த மருந்தில் மீனும் சாகும் என்றார் கால்நடை டாக்டர். கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் எடுத்தவர் அதற்குமேல் பேச விடவில்லை.