தற்காப்புத் தோட்டா: கடையில் பிராண்டு கேட்பதற்கு முன்

அமெரிக்காவில் புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்கியவர் அடுத்துக் கேட்பது, "தற்காப்புக்கு எந்தத் தோட்டா நல்லது?" என்பதுதான். கடைக்காரர் அலமாரியில் கைவைத்து ஹெச்எஸ்டி, கோல்ட் டாட், கிரிட்டிகல் டிஃபென்ஸ் என்று மூன்று பெயர் சொல்வார். மூன்றுமே நல்ல சரக்குதான். ஆனால் உங்கள் துப்பாக்கி சிக்காமல் விழுங்குமா, அதன் குழாய் நீளத்துக்கு அந்தக் குண்டு விரியுமா, உங்கள் கை அந்த உதைப்பைத் தாங்குமா என்ற மூன்றுக்கும் பெட்டியில் பதில் இருக்காது. பிராண்டு கடைசிக் கேள்வி.

முதலில் சொற்கள். நாம் தோட்டா, குண்டு இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். இங்கே தோட்டா என்றால் பித்தளை உறை, பிரைமர் (உறையின் அடியில் அடிபட்டதும் தீப்பொறி தரும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு நான்கும் சேர்ந்த முழுப் பொருள். குழாய் வழியே பறப்பது குண்டு மட்டும். பரவலாக விற்கும் 9 எம்எம் கைத்துப்பாக்கித் தோட்டாப் பெட்டியில் 115, 124, 147 கிரெயின் என்று போட்டிருப்பது இந்தக் குண்டின் எடை. மருந்தின் எடை என்று நினைத்து, "147-ல் பவர் அதிகம்" என்று வாங்கிப் போகிறவர்கள் உண்டு. நம் கணக்கில் சொன்னால் 124 கிரெயின் குண்டு சரியாக ஒரு சவரன், 8 கிராம். 115 அதற்குக் கொஞ்சம் குறைவு, 147 ஒன்பதரை கிராம்.

ஒரே துப்பாக்கிக்கு இரண்டு வகைத் தோட்டா வேண்டும். பயிற்சிக்கு முழு உறை போட்ட உருண்டை மூக்குக் குண்டு, அதாவது எஃப்எம்ஜே. 50 தோட்டா கொண்ட பெட்டி, விலை மலிவு. தற்காப்புக்கு மூக்கில் குழி விட்ட ஹாலோ பாயிண்ட். பெரும்பாலும் 20 தோட்டாப் பெட்டி, ஒரு தோட்டாவின் விலை பயிற்சித் தோட்டாவைப் போல மூன்று நான்கு மடங்கு. குழிக்குள் ஈரப்பதமுள்ள பொருள் புகுந்து அழுத்தும்போது மூக்கு பூப்போல விரிகிறது. விரிந்த குண்டு வேகமிழந்து உள்ளேயே நின்றுவிடும். எஃப்எம்ஜே துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். மறுபக்கம் யார் நிற்கிறார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. போலீஸ் துறைகள் ஹாலோ பாயிண்டுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். விரியும் குண்டு என்றதும் நினைவுக்கு வரும் 'டம்டம் குண்டு', கொல்கத்தா விமான நிலையம் இருக்கும் அதே டம்டமின் ஆயுதச் சாலையில் 1890களில் செய்யப்பட்டது. நாடுகளுக்கு இடையிலான போரில் அதைத் தடுத்தது 1899 ஹேக் பிரகடனம். வீட்டுத் தற்காப்புக்கும் போலீசுக்கும் அது பொருந்தாது.

எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்ற அளவுகோலுக்குப் பின்னால் ஒரு சம்பவம் இருக்கிறது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு வங்கிக் கொள்ளையர்களுடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ ஏஜெண்டுகள் இருவர் இறந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள். கொள்ளையரில் ஒருவன் மீது ஆரம்பத்திலேயே பட்ட 115 கிரெயின் 9 எம்எம் குண்டு, கையைத் துளைத்து மார்புக்குள் நுழைந்து, இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அவன் அதன் பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தான். எஃப்பிஐ அதற்குப் பிறகு வகுத்த சோதனை முறைதான் இன்று எல்லாக் கம்பெனிக்கும் அளவுகோல்: உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் பத்து சதவீத ஜெலட்டின் கட்டியில் குண்டு குறைந்தது 12 அங்குலம், அதிகபட்சம் 18 அங்குலம் போக வேண்டும். வெறும் கட்டியில் மட்டுமல்ல. கனத்த உடை, சுவர்ப் பலகை, பிளைவுட், தகடு, கார் கண்ணாடி இவற்றைத் தாண்டியும்.

யூடியூபில் கண்ணாடி போலத் தெரியும் கட்டியில் சுட்டுக் காட்டுகிறார்களே, அது பெரும்பாலும் செயற்கை ஜெல். அசல் ஜெலட்டின் 4 டிகிரி செல்சியஸில் வைத்து, காற்றுத் துப்பாக்கியின் சிறு பிபி குண்டை நொடிக்கு 590 அடி வேகத்தில் சுட்டு, அது எட்டரை சென்டிமீட்டர் போகிறதா என்று பார்த்த பிறகே சோதனைக்கு வரும். செயற்கை ஜெல்லில் குண்டு கொஞ்சம் அதிக ஆழம் போகும், விரிவது குறையும். இரண்டு தோட்டாவை ஒன்றோடொன்று ஒப்பிட அந்த வீடியோக்கள் உதவும். அதில் வரும் அங்குலத்தை எஃப்பிஐ எண்ணோடு நேராகப் பொருத்தக் கூடாது.

இதில் வீட்டுக்காரர் முதலில் பார்க்க வேண்டியது கனத்த உடைச் சோதனை. துணி குழிக்குள் அடைத்துக்கொண்டால் பழைய வடிவக் குண்டுகள் விரியாமல் எஃப்எம்ஜே போலவே ஓடிவிடும். ஃபெடரல் ஹெச்எஸ்டி, ஸ்பியர் கோல்ட் டாட், வின்செஸ்டர் ரேஞ்சர் போன்றவை இதைச் சமாளிக்கவே வடிவமைத்தவை. ஹார்னடி கிரிட்டிகல் டிஃபென்ஸில் குழியையே ரப்பர் போன்ற ஒரு பாலிமர் செருகலால் அடைத்திருப்பார்கள். சுவர் விஷயத்தில் மட்டும் ஏமாற வேண்டாம். அமெரிக்க வீட்டின் உள்சுவர் அரை அங்குல ஜிப்சம் பலகை இரண்டு, நடுவே வெற்றிடம். அந்தத் தூள் குழியில் அடைத்தால் ஹாலோ பாயிண்டும் விரியாது. இரண்டு மூன்று சுவர் தாண்டும். "என் தோட்டா சுவரைத் துளைக்காது" என்று நம்பி, குழந்தைகள் தூங்கும் அறைப் பக்கம் குறி வைப்பவரை எந்தக் கம்பெனியும் காப்பாற்றாது. மேலே பட்டால் பொடியாகிவிடும், பத்துத் துண்டாகச் சிதறும் என்று விளம்பரம் செய்யும் விசித்திரத் தோட்டாக்கள் ஆழம் போகாதவை. பணத்துக்குக் கேடு.

குழாய் நீளம் இங்கேதான் விளையாடுகிறது. குண்டு விரிவது வேகத்தைப் பொறுத்தது. பெட்டியில் 124 கிரெயினுக்கு நொடிக்கு 1150 அடி, 147-க்கு 1000 அடி என்று இருந்தால், அது நான்கு அங்குலச் சோதனைக் குழாயில் அளந்தது. கிளாக் 19 என்ற கைத்துப்பாக்கியின் குழாய் 4.02 அங்குலம், கிட்டத்தட்ட அதே வேகம் கிடைக்கும். இடுப்பில் மறைத்து வைக்கும் கிளாக் 43-ல் 3.41 அங்குலம், வேகம் குறையும். நல்ல 9 எம்எம் தோட்டா இந்தக் குறைவைத் தாங்கும். 9 எம்எம்மைவிடச் சிறிய .380 தோட்டாவில்தான் சிக்கல்: விரிந்தால் 12 அங்குலம் போகாது, 12 போனால் பல நேரம் விரிந்திருக்காது. இரண்டும் ஒரே தோட்டாவில் கிடைப்பது அபூர்வம். இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் 9 எம்எம் எடுத்துவிடுங்கள், இந்தத் தலைவலியே வேண்டாம்.

'+பி' என்ற குறி அழுத்தம் கூடிய தோட்டா என்று பொருள். 9 எம்எம்முக்கு அமெரிக்கத் தொழில் தரம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. +பி என்றால் 38,500. உங்கள் துப்பாக்கியின் கையேட்டில் அனுமதி இருந்தால் மட்டும் போடுங்கள். +பி+ என்பதற்கு அப்படி ஒரு தரமே கிடையாது. எவ்வளவு கூட்டியிருக்கிறார்கள் என்பது தயாரித்தவருக்கே வெளிச்சம். சாதாரண அழுத்தத்திலேயே தேவையான ஆழம் கிடைக்கும்போது, கூடுதல் உதைப்பால் இரண்டாவது குண்டு குறி தவறுவதுதான் மிச்சம். முதல் தேர்வாக 124 கிரெயின் சாதாரண அழுத்தம் எடுப்பது என் கட்சி. 147-ம் தப்பில்லை, ஒலியின் வேகத்துக்குக் கீழே போவதால் அந்த 'படார்' கொஞ்சம் குறையும்.

ரிவால்வர்காரர்களுக்குத் தனி வம்பு. இரண்டங்குலக் குழாயில் .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவின் வேகம் மிகவும் குறைவு; ஸ்பியர் கோல்ட் டாட் 135 கிரெயின் +பி போல, அந்தக் குட்டைக் குழாய்க்கென்றே செய்தது வேண்டும். உதைப்பைத் தாங்க முடியாதவர்கள் தட்டை மூக்கு 148 கிரெயின் வாட்கட்டர் போடுவதுண்டு. அது விரியாது, ஆனால் ஆழம் போகும், கையும் வலிக்காது. மூக்கு உறைவாயோடு சமமாக இருப்பதால் அவசரத்தில் ஓட்டைக்குள் போடத்தான் தடுமாறும். அரைக் கிலோகூட வராத இலகு ரிவால்வரில் இன்னொன்று: உதைப்பில் துப்பாக்கி பின்னால் துள்ளும்போது, சுடாத தோட்டாக்களின் குண்டு உறையிலிருந்து முன்னால் நழுவும். அதிகம் நழுவினால் சிலிண்டர் சுழலாது, துப்பாக்கி பூட்டிக்கொள்ளும். ஐந்து போட்டு நான்கைச் சுட்டுவிட்டு, ஐந்தாவதை எடுத்துப் புதிய தோட்டாவின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். நீளம் கூடியிருந்தால் அந்தத் தோட்டா அந்த ரிவால்வருக்கு ஆகாது. சில இலகு .357 ரிவால்வர்களின் குழாயிலேயே 120 கிரெயினுக்குக் குறைந்த குண்டு கூடாது என்று பொறித்திருப்பார்கள். அது வேறு காரணத்துக்கு: டைட்டானியம் சிலிண்டர் சீக்கிரம் அரிக்காமல் இருக்க.

வாங்கி வந்ததும் பெட்டியை நம்பாமல் உறையின் அடிப்பாகத்தைப் படியுங்கள். '9 எம்எம்' என்ற பெயரில் 9x19 லூகர், 9x18 மக்காரோவ், '9 எம்எம் குர்ஸ்' என்ற பெயரில் .380 என்று மூன்று சுற்றுகின்றன. பிறகு ஒவ்வொரு தோட்டாவையும் விரலில் உருட்டிப் பாருங்கள். பிரைமர் அடிப்பரப்புக்கு மேலே துருத்தக் கூடாது, மூக்கு நசுங்கியிருக்கக் கூடாது, உறையில் கீறல் கூடாது. துப்பாக்கியைக் காலி செய்து குழாயைக் கழற்றி, தோட்டாவை அதில் போட்டால் 'டொக்'கென்று உட்கார்ந்து, கவிழ்த்தால் தானாக விழ வேண்டும்.

சுட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது. பலர் ஒரு மேகஸினோடு (தோட்டா அடுக்கும் பெட்டி) முடித்துவிடுகிறார்கள், ஏனென்றால் தோட்டா விலை. குறைந்தது ஐம்பது, முடிந்தால் நூறு. உங்களிடம் உள்ள எல்லா மேகஸினிலும், நிரம்ப நிரப்பி. ஸ்பிரிங் மிகவும் இறுகியிருக்கும் முதல் தோட்டாவும், தளர்ந்திருக்கும் கடைசித் தோட்டாவும்தான் சிக்கும் இடங்கள். இடது கையால் மட்டும் கொஞ்சம் சுடுங்கள். தோட்டா மூக்கு சேம்பருக்கு (குழாயின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) ஏறும் சரிவில் முட்டி நின்றால், உடனே தோட்டாவைத் திட்ட வேண்டாம். மேகஸினை மாற்றுங்கள், பிடியை இறுக்குங்கள். தளர்ந்த மணிக்கட்டில் ஸ்லைடு (துப்பாக்கியின் மேல்பாகத்தில் முன்னும் பின்னும் ஓடும் உறை) முழுதாகப் பின்னால் போகாது, அடுத்த தோட்டா அரைகுறையாக ஏறும். அப்படியும் அதே இடத்தில் சிக்கினால் அந்தத் தோட்டாவை விட்டுவிடுங்கள், எவ்வளவு புகழ் பெற்றதானாலும். உருண்டை மூக்கு 230 கிரெயின் குண்டுக்காகப் பிறந்த பழைய 1911 பிஸ்டல்களில் அகன்ற வாய் ஹாலோ பாயிண்ட் முட்டுவது பழைய கதை. 25 கெஜத்தில் ஒரு தாள் வைத்து ஐந்து குண்டும் சுட்டுப் பாருங்கள். பயிற்சித் தோட்டாவும் தற்காப்புத் தோட்டாவும் வேறு வேறு எடை என்றால் படும் இடம் மேலே கீழே விலகும். 124 போடுபவர் பயிற்சிக்கும் 124 வாங்குவது இதனால்தான்.

அடுத்தது, நல்ல தோட்டாவை வீட்டிலேயே கெடுக்கும் வழக்கம். தினமும் இரவு துப்பாக்கியைக் காலி செய்து, காலையில் அதே தோட்டாவை மேகஸின் உச்சியில் வைத்து மறுபடி சேம்பரில் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஸ்லைடு அதைச் சரிவில் அறைகிறது. குண்டு கொஞ்சம் கொஞ்சமாக உறைக்குள் இறங்குகிறது. உள்ளே இடம் குறைந்தால் சுடும்போது அழுத்தம் எகிறும். 9 எம்எம் போன்ற சிறிய உறையில் ஒரு மில்லிமீட்டரே பெரிய விஷயம். அந்தத் தோட்டாவையும் புதிய ஒன்றையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, மேலே ஒரு ஸ்கேலை வைத்தால் தெரிந்துவிடும்: ஸ்கேல் சாய்ந்தால் சுடவே கூடாது. ஒவ்வொரு முறை சேம்பரில் ஏற்றும்போதும் உறையின் அடியில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு கோடு விழுந்ததும் அது சேம்பருக்கு இனி வேண்டாம், நீளம் சரியாக இருந்தால் அடுத்த பயிற்சியில் சுட்டுவிடுங்கள். ஏற்றும்போது எப்போதும் மேகஸின் வழியாகவே. சேம்பரில் நேராகப் போட்டு ஸ்லைடை விட்டால் பல துப்பாக்கிகளில் எக்ஸ்ட்ராக்டர் (உறையை வெளியே இழுக்கும் கொக்கி) அடிபடும்.

துப்பாக்கிக்குப் போட்ட எண்ணெய் தோட்டாவில் பட வேண்டாம். பிரைமருக்குள் கசிந்தால் மருந்து செத்துவிடும், 'க்ளிக்' மட்டும் கேட்கும். இடுப்பில் வியர்வையில் இருக்கும் தோட்டாவை வருடத்துக்கு ஒருமுறை பயிற்சியில் சுட்டுவிட்டுப் புதிது போடுங்கள். காரின் டிக்கியும் வீட்டுப் பரணும் தோட்டா வைக்கும் இடமல்ல.

சட்டத்தில் நம்மவர்கள் வழுக்கும் இடங்கள் சில. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் நுழைந்தவர், மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல், ஒரே ஒரு தோட்டா வைத்திருந்தாலும் கூட்டரசுக் குற்றம். துப்பாக்கிக்கு மட்டும்தான் தடை என்று நினைப்பவர்கள் அதிகம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உரிமம் பெற்ற கடைக்காரர் 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்குக் கைத்துப்பாக்கித் தோட்டா விற்கக் கூடாது. எடிசன், ஜெர்சி சிட்டிப் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க: நியூஜெர்சியில் ஹாலோ பாயிண்ட் வீட்டில் இருக்கலாம், ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சிக் களம்) கொண்டு போகலாம், கேரி பெர்மிட் (துப்பாக்கியோடு வெளியே நடமாடும் அனுமதி) இருந்தாலும் அதை இடுப்பில் ஏற்றி வெளியே நடக்கக் கூடாது. கிரிட்டிகல் டிஃபென்ஸ் போலக் குழியைப் பாலிமரால் மூடியவற்றை அந்த மாநிலப் போலீஸ் ஹாலோ பாயிண்டாகக் கருதுவதில்லை. அங்கே அந்தத் தோட்டா அவ்வளவு விற்பதற்குக் காரணம் இதுதான்.

ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும்போது எடுக்காதீர்கள். பக்கப் பையின் தையலில் ஒதுங்கிய ஒற்றைத் தோட்டா சென்னை, டெல்லி விமான நிலைய எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும்; 1959 ஆயுதச் சட்டத்தில் உரிமமில்லாத தோட்டாவும் வழக்குதான், "அமெரிக்காவில் சட்டப்படி வாங்கினேன்" என்பது அங்கே எடுபடாது. அந்தப் பைக்கு வேறு நிறம் வாங்கிவிடுவது சுலபம்.