கையெழுத்துக்கு முன்

மாணவர் மன்றக் கூட்டம் முடிந்ததும் வழக்கம்போல மினிட்ஸ் நோட்டைப் பிள்ளைகள் பக்கம் தள்ளினேன். எல்லோரும் மளமளவென்று கையெழுத்துப் போட்டார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். அப்புறம் நிமிர்ந்து, “சார், நாங்க பேசறதுக்கு முன்னாடியே இதை எழுதிட்டீங்களா?” என்றாள்.

எழுதித்தான் வைத்திருந்தேன். காலையில் கிடைத்த ஓய்வு பீரியடில், ‘ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்பது வரைக்கும்.

மன்றத்தில் இருந்த எட்டுப் பேரையும் பொறுக்கியது நான்தான். நல்ல மார்க், தெளிவான பேச்சு, எதைச் சொன்னாலும் “சரி சார்”. குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் 1992-இல் யூனிசெஃபுக்காக விளக்கினார். ஆட்டுவிப்பது, அலங்காரமாக நிறுத்துவது, ஒப்புக்குச் சேர்ப்பது என்ற கீழ் மூன்று படிகளை அவர் பங்கேற்பாகவே கணக்கில் எடுக்கவில்லை. பயிற்சி வகுப்பில் இதையெல்லாம் குறிப்பெடுத்தவன் நான். என் மன்றம் எந்தப் படியில் நிற்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

அடுத்த முறை வகுப்புக்கு ஒருவரைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம். அந்தப் பெண்ணின் பெயரும் வந்தது. முதல் இரண்டு கூட்டம் வீண்தான், பாதிப் பேர் வாயே திறக்கவில்லை. மூன்றாவதில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் குடிநீர்க் குழாய்ப் பேச்சை எடுத்தான். இடைவேளையில் பெரியவர்கள் முந்திக்கொள்கிறார்கள், சின்னவர்கள் பாட்டிலை நிரப்புவதற்குள் பெல் அடித்துவிடுகிறதாம். தங்களை மட்டும் ஐந்து நிமிடம் முன்னதாக விட வேண்டும் என்று கேட்டான்.

தலைமை ஆசிரியர் மறுத்தார். தினமும் பாடம் பாதியில் அறுபடும் என்று மன்றத்துக்கே வந்து காரணமும் சொன்னார். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிள்ளைகள் விடவில்லை. கடைசி இரண்டு குழாய் சின்னவர்களுக்கு, காவலுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒருவர் என்று வேறு வழி சொன்னார்கள். ஒரே வாரத்தில் காவலுக்கு நின்றவர்களே அதிகாரம் பண்ண ஆரம்பித்தார்கள்! அதையும் அவர்களே பேசி, காவலை எடுத்துவிட்டுத் தரையில் ஒரு கோடு மட்டும் போட்டார்கள். கோட்டைத் தாண்டுகிறவர்கள் இல்லாமலில்லை. சண்டை குறைந்தது.

“பிள்ளைங்க சொல்றபடியா பள்ளிக்கூடம் நடத்துறது?” என்று ஆசிரியர் அறையில் கேட்டார்கள். 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையே அப்படிக் கேட்கவில்லை. தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் பிள்ளைகள் கருத்துச் சொல்லலாம், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது அதன் 12-ஆம் பிரிவு. நான் நோட்டில் ‘என்ன ஆச்சு?’ என்று ஒரு கட்டம் சேர்த்தேன். முடியாது என்றால் ஏன் என்று அதில் எழுதியாக வேண்டும். எனக்கு இருப்பதிலேயே கஷ்டமான வேலை இப்போது அதுதான்.

அந்தப் பெண் இன்னமும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறாள். போன கூட்டத்தில் ஒரு வரியில் விரலை வைத்தாள். “ஒருமனதாகன்னு இருக்கு சார். நான் ஒத்துக்கலையே.”

அந்தச் சொல்லை அடித்துவிட்டு, அவள் எதிர்த்த காரணத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.