கொல்லையில் ஒரு பங்கு கோழிக்கு

மன்னார்குடிப் பக்கம் கொல்லை என்றால் வாழை, முருங்கை, நாலு கத்திரிச்செடி, நடுவில் கோழி. இந்தக் கடைசி ஆள்தான் மற்ற எல்லாருக்கும் எமன். கீரைப்பாத்தியில் விதை தூவிய மறுநாளே மண்ணைக் கிளறி, குழி பறித்து, அதில் சாவகாசமாகப் படுத்துப் புழுதி குளிக்கும்.

சரி, பிரித்துவிடலாம் என்று முருங்கை மரத்துப் பக்கத்தை அவற்றுக்கே விட்டாயிற்று. வேலிக்கு ஓரடிக்கு ஒன்றாகக் கிளுவைப் போத்து, அதாவது வெட்டிய கிளை. ஈரமண்ணில் ஊன்றினால் அதுபாட்டுக்குத் துளிர்த்துக்கொள்ளும். உள்பக்கம் கம்பிவலை. அதன் அடியை வெளிப்பக்கமாக மடித்து மண்ணுக்குள் புதைத்திருக்கிறேன். கீரிப்பிள்ளை வேலியை ஒட்டித்தான் பறிக்கும், அங்கேயே வலை தடுக்கும்.

நாட்டுக்கோழிக்கு ஆளுயர வேலியெல்லாம் ஒரு விஷயமே இல்லை. ஒரு பக்க இறக்கையில் மட்டும் நீள இறகுகளை நறுக்கினால் பறக்கும்போது சாய்ந்துவிடும். (முளைத்து வரும் புது இறகில் ரத்தம் ஓடும், அதைத் தொடாதீர்கள்.)

ஐப்பசி அடைமழைக்கு நம்மூர்க் களிமண் சொதசொதவென்று ஆகிவிடும். அதற்குள் கூண்டடியை மேடாக்கி உமி பரப்ப வேண்டும். ரைஸ்மில்லில் சொல்லி வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்குத்தான் கோபம். "எல்லாத்தையும் அடைச்சு வெச்சுட்டே, கொல்லைப்படியில கொட்டுற சோத்த இனிமே யாரு வந்து திம்பா?"