பிரஷர் பம்ப் நொடிக்கு நொடி ஆன்-ஆஃப்: ஸ்விட்ச் அல்ல, காற்று

ஷவரைத் திறந்தால் மொட்டை மாடி பிரஷர் பம்ப் ஓடும், நிற்கும், உடனே மறுபடி ஓடும், தண்ணீரும் விட்டு விட்டு வரும். பார்க்க வந்த பிளம்பர் பிரஷர் ஸ்விட்சை, அதாவது பிரஷரைப் பார்த்து பம்பை ஆன்-ஆஃப் செய்யும் ஸ்விட்சை, மாற்றச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஏனென்றால் கேஜ் முள்ளைக் கவனித்தால் ஒவ்வொரு தடவையும் 20 பி.எஸ்.ஐ.யில் (பிரஷரின் அலகு) ஆன், 40-ல் ஆஃப், துல்லியமாக. முள் மேலும் கீழும் போய்வருகிற வேகம்தான் சரியில்லை.

அப்படியென்றால் பார்க்க வேண்டியது பக்கத்தில் இருக்கும் 24 லிட்டர் சிவப்பு டேங்க். உள்ளே ரப்பர் பை, பைக்குள் தண்ணீர், பைக்கும் தகட்டுக்கும் நடுவே காற்று. குழாயைத் திறந்ததும் முதலில் அந்தக் காற்றுதான் தண்ணீரைத் தள்ளும், பம்ப் சும்மா இருக்கும். காற்று வெளியேறிவிட்டால் பை டேங்க் முழுக்க ஊதிப்போய்விடும், அப்புறம் ஒரு சொம்புத் தண்ணீர் போனாலே பிரஷர் விழுந்து பம்ப் கிளம்பிவிடும். இப்படியே விட்டால் மோட்டாரும் கெப்பாசிட்டரும் சூடாகிச் சீக்கிரம் போய்விடும், அதனால் தள்ளிப்போடக் கூடாத வேலை இது.

எம்.சி.பி.யை ஆஃப் செய்து, ஓவர்ஹெட் டேங்கிலிருந்து வரும் வால்வை மூடி, கீழே ஒரு குழாயைத் திறந்து தண்ணீரை முழுக்க வடித்தேன். இது முக்கியம், வடிக்காமல் அளந்தால் கேஜ் தண்ணீரின் பிரஷரைத்தான் காட்டும். டேங்கின் காற்று வால்வு கார் டயரில் இருப்பதே. ஊசியை அழுத்தினேன், தண்ணீர் வரவில்லை. வந்திருந்தால் பை கிழிந்துவிட்டது என்று அர்த்தம், புதுப் பை போட வேண்டியிருக்கும். காற்றும் வரவில்லை, டயர் கேஜில் 0.

பம்ப் ஆன் ஆகும் அளவுக்கு 2 பி.எஸ்.ஐ. கீழே காற்று இருக்க வேண்டும், அதாவது 18. சைக்கிள் பம்பால் அடித்துவிட்டு வால்வில் சோப்பு நீர் தடவினால் முட்டை முட்டையாக நுரை. உள்ளே இருக்கும் பின் தேய்ந்திருந்தது. பஞ்சர் கடையில் புதுசு வாங்கித் திருகி, மறுபடி காற்றடித்ததும் நுரை இல்லை. இப்போது 40-லிருந்து 20-க்கு இறங்குவதற்குள் கிட்டத்தட்ட 8 லிட்டர் வருகிறது, பக்கெட்டில் பிடித்து அளந்தேன், அவ்வளவு சந்தோஷம்!

ஆனாலும் ராத்திரியில் யாரும் குழாயைத் திறக்காமலே எப்போதாவது பம்ப் ஓடியது. வீட்டுக்குப் போகும் லைன் வால்வை மூடிப் பார்த்தேன், முள் அசையவில்லை, ஆக என்.ஆர்.வி. (தண்ணீர் பம்ப் பக்கம் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு) நன்றாக இருக்கிறது, கசிவு வீட்டுக்குள். ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் சொட்டு நீலம் விட்டுவிட்டுக் காத்திருந்தால் கோப்பைக்குள் நீலம் இறங்கியது. அடி வாஷரை மாற்றியதும் அதுவும் நின்றது.

மிச்சம் பிரஷர் ஸ்விட்சுக்கு அடியில் உள்ள சின்னத் துளை, அதன் வழியாகத்தான் ஸ்விட்ச் பிரஷரை உணரும். எங்கள் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம், துளை அடைத்துக்கொள்ளலாம், அதனால் ஸ்விட்சைக் கழற்றித் துளையைச் சுத்தம் செய்வதுதான் அடுத்த வேலை.