தேவாலாவில் காயாத போர்வை

ஆடியில் கூடலூர் பக்கத்துத் தேவாலாவுக்குக் கொடுத்தனுப்பிய போர்வை ஆவணி முடிவதற்குள் கோத்தகிரிக்கே திரும்பி வந்துவிட்டது. தங்கையே பஸ் மாறி மாறித் தூக்கிக்கொண்டு வந்தாள். பையின் முடிச்சை அவிழ்த்ததும் வந்த வாடையே மீதியைச் சொல்லிவிட்டது.

"அண்ணா, கோபித்துக்கொள்ளாதே. ஒரே ஒரு தடவைதான் துவைத்தேன். பத்து நாள் அடுப்படிக் கொடியில் கிடந்தது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் அமுக்கினால் ஈரம்" என்றாள்.

விரித்துப் பார்த்தேன். வெள்ளைக் கட்டங்களில் மிளகுப் பொடியைத் தூவினாற்போல் பூசணப் புள்ளிகள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அம்மாவின் மிதி மிஷினுக்கு எண்ணெய் விட்டு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. இது நான்காவது போர்வை. முதல் மூன்றிலும் தவறு நடந்தது. ஆனால் எதுவும் திரும்பி வந்ததில்லை.

முதலாவது, அண்ணன் பேத்திக்கு 36 அங்குலச் சதுரப் போர்வை. ஒன்பதுக்கு ஒன்பது, மொத்தம் 81 கட்டங்கள். ஒவ்வொரு துண்டும் நாலரை அங்குலம். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் நாலு அங்குலம் மிஞ்சும். கணக்கு அவ்வளவுதான். ஆனால் கால் அங்குலம் என்பது மிஷினில் உட்காரும்வரைதான் கால் அங்குலம். ஒரு வீசம், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கூடுதலாகப் பிடித்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து அரைக்கால், எட்டில் ஒரு பங்கு போகும். ஒரு வரிசைக்கு எட்டுத் தையல், ஆக ஒரு முழு அங்குலம் காணாமல் போகும். என் முதல் வரிசை 36 அங்குலம், கடைசி வரிசை 35. கட்டத்தின் மூலைகள் எதுவும் எதோடும் சேரவில்லை. இப்போது ஊசியிலிருந்து சரியாகக் கால் அங்குலம் தள்ளி, மிஷின் தகட்டின் மேல் பிளாஸ்திரியை நாலைந்து மடிப்பாக ஒட்டி வைத்திருக்கிறேன். துணியின் ஓரம் அதில் முட்டிக்கொண்டே போகும். காயத்துக்கு வாங்கிய பிளாஸ்திரி தையலுக்கு உதவியதுபோல் வேறெதுவும் உதவவில்லை.

இரண்டாவதைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. திருப்பூரிலிருந்து கிலோக் கணக்கில் வந்த பனியன் துணி வெட்டுகளைப் பார்த்ததும் நிறத்தில் மயங்கிவிட்டேன். பனியன் துணி பின்னியது, இழுத்தால் இழுபடும். பக்கத்தில் நான் வைத்துத் தைத்ததோ நெய்த பருத்தி, அது அசையாது. போர்வை அப்பளம் பொரித்ததுபோல் அலை அலையாக எழுந்து நின்றது. நண்பர் ஒருவர் அதை நாய்க்குப் போடக் கேட்டு வாங்கிப்போனார். நாய்க்குப் பிடித்திருக்கிறதாம்.

மூன்றாவதில் அம்மாவின் சிவப்புச் சுங்குடிச் சேலையின் சாயம் அப்பாவின் வெள்ளை வேட்டிக் கட்டங்களில் இறங்கி எல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டது. மனைவி பார்த்துவிட்டு, "இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் ஒத்துப்போயிருக்கிறார்கள்" என்றாள். அன்றிலிருந்து எந்தத் துணியானாலும் நனைத்து, வெள்ளைத் துண்டின் மேல் வைத்து இஸ்திரி போட்டுப் பார்க்காமல் கத்தரி வைப்பதில்லை.

அந்த மூன்றாவது போர்வையை மாசியில் நானே துவைத்தேன். காலையில் மாடிக் கம்பியில் போட்டது சாயங்காலம் சலசலவென்று காய்ந்துவிட்டது. அந்த ஒரு நாள் வெயிலை நம்பித்தான் நான்காவதற்கு மெத்தைக்காரரிடம் கொட்டிய பருத்திப் பஞ்சு வாங்கி, தாராளமாக அடைத்தேன். தங்கை குளிரில் நடுங்கக் கூடாது என்ற எண்ணம் வேறு.

எங்கே தவறினேன் என்பது போர்வையைப் பிரிக்கும்போதுதான் உறைத்தது. புரட்டாசியில் ஒரு வாரம், திண்ணையில் உட்கார்ந்து ஊசி முனையால் தையலை ஒவ்வொன்றாக நெம்பினேன். உள்ளே பஞ்சு விரிப்பாக இல்லை. ஈரத்தில் திரண்டு, ஊறவைத்த அவலை உருட்டி வைத்ததுபோல் கட்டி கட்டியாக மூலைகளில் ஒதுங்கியிருந்தது. நடுவில் வெறும் துணி. கையகலத்துக்கு ஒரு தையல் போதும் என்று விட்டிருந்தேன். இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாவது ஓடியிருக்க வேண்டும். ஆனால் நெருக்கித் தைத்திருந்தாலும் அந்தப் பஞ்சு ஆடியில் காய்ந்திருக்காது. பஞ்சு வைத்த ரஜாயை யார் துவைத்தார்கள்? வெயிலில் போட்டுத் தட்டுவார்கள், உறையை மட்டும் துவைப்பார்கள். அந்த வழக்கம் வெயில் உள்ள ஊருக்கானது.

தேவாலாவுக்கு அது பொருந்தாது. தென்மேற்குப் பருவமழையை முதலில் வாங்கும் பக்கம் அது. தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. நாங்கள் தொட்டபெட்டாவுக்கு இந்தப் பக்கம். 2,637 மீட்டர் உயரத்தில் அந்த மலை மறித்து நிற்பதால் ஆடிமாதம் எங்களுக்குச் சாரலும் காற்றும்தான். எங்கள் அடைமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வரும். ஒரே நீலகிரி மாவட்டம்தான், ஆனால் அவளுடைய ஆடி வேறு, என்னுடைய ஆடி வேறு. முப்பது வருடமாக அவள் வீட்டுக்குப் போய்வருகிறேன், குடை எடுத்துப்போகத் தெரிந்தது. பஞ்சு வாங்கும்போது அது நினைவுக்கு வரவில்லை.

ஐப்பசி மழை தொடங்கியதும் ஒரு சோதனை செய்தேன். ஓர் அடிச் சதுரத்தில் மூன்று மாதிரிகள். ஒன்றில் பருத்திப் பஞ்சு, இன்னொன்றில் பாலியெஸ்டர் பஞ்சுத் தாள், மூன்றாவதில் பஞ்சே இல்லை, பழைய பருத்திச் சேலை நான்கு மடிப்பு. மூன்றையும் நனைத்து, ஒரே மாதிரி முறுக்கிப் பிழிந்து, சமையலறைத் தராசில் வைத்தேன். காய்ந்திருந்தபோது 50 கிராம் இருந்த பருத்திப் பஞ்சு 135 ஆனது. பாலியெஸ்டர் 36லிருந்து 70. சேலை 34லிருந்து 72. அடுப்படிக் கொடியில் போட்டுக் காலை மாலை எடை பார்த்தேன். மனைவி கடுகு நிறுக்க வந்தால் தராசில் ஈரத்துணி இருக்கும். பாலியெஸ்டர் மறுநாள் மாலை பழைய எடைக்கு வந்தது. சேலை மூன்றாம் நாள் காலை. பருத்திப் பஞ்சு ஆறாம் நாளும் ஐந்தாறு கிராம் ஈரத்தை விடவில்லை.

எடைப்படி பாலியெஸ்டர்தான் ஜெயித்தது. ஆனாலும் அதை ஒதுக்கினேன். தங்கை வீட்டில் மழைக்காலம் முழுக்கக் கணப்புச் சட்டி எரியும். ஒரு பொறி தெறித்தால் பருத்தி கருகும், பாலியெஸ்டர் உருகி ஒட்டும். தூங்குகிறவர்கள் மேல் போடுகிற பொருளில் அந்தப் பயம் வேண்டாம்.

ஆக, சேலை. வடகர்நாடகத்தில் கௌதி என்றும் வங்காளத்தில் காந்தா என்றும் பழந்துணியை அடுக்கி ஓட்டுத்தையல் போடுவதெல்லாம் இந்தச் சிக்கனத்தில் பிறந்ததுதான். கதகதப்பு பஞ்சில் மட்டும் இல்லை; மடிப்புகளுக்கு நடுவே அடைபட்ட காற்றிலும் இருக்கிறது. அளவு 45க்கு 90 அங்குலம். ஒரு சேலை இரண்டு மடிப்புக்கு வருகிறது. இரண்டு சேலை, நான்கு மடிப்பு. பழைய போர்வையின் மேல்முகத்தை மட்டும் காப்பாற்றி அதன்மேல் வைத்தேன். எலுமிச்சையும் உப்பும் தேய்த்தும் போகாத பூசணப் புள்ளிகள் பதினோரு கட்டங்களில் இருந்தன. அவற்றின்மேல் புதுத் துணி வைத்து ஓரம் மடித்துத் தைத்தேன்.

இந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். அவரிடம் தோடர் பூத்துக்குளிச் சால்வை ஒன்று இருக்கிறதாம், அதிலிருந்து ஒரு பட்டை வெட்டி ஓரத்தில் வைத்தால் எடுப்பாக இருக்குமாம். மறுத்துவிட்டேன். கோடு எதுவும் வரையாமல், துணியின் இழையை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பழங்குடிப் பெண்கள் போட்ட வேலை அது. 2013இல் புவிசார் குறியீடு வாங்கியது. 36 அங்குலத்தையே ஒழுங்காக எண்ணத் தெரியாத நான் அதில் கத்தரி வைப்பதாவது!

இம்முறை மிஷின் இல்லை. ஐந்து மடிப்பை மிஷினில் விட்டால் அடித்துணியைப் பல் இழுத்துக்கொண்டு போகும், மேல்துணி பின்தங்கிச் சுருங்கும். கையால்தான் தைக்கிறேன். ஊசி கேத்தியில் செய்தது. 1949இலிருந்து ஊசி செய்யும் தொழிற்சாலை பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும்போது வேறு ஊசிக்கு எதற்கு அலைவது? கையகலத்துக்கு ஓர் ஊக்குக் குத்தி, நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்குமாகப் போகிறேன். ஓரத்திலிருந்து தொடங்கினால் தொய்வெல்லாம் நடுவில் வந்து குவியும். இரண்டு விரற்கடைக்கு ஒரு வரிசை, மொத்தம் முப்பது. ஒரு வரிசைக்கு ஒன்றேகால் மணி நேரம். நடுவிரலுக்கு உலோக உறை மாட்டியும் ஊசியின் பின்முனை எப்படியோ நகக்கண்ணைக் கண்டுபிடித்துவிடுகிறது.

இன்று கார்த்திகை பத்து. பத்தொன்பது வரிசை முடிந்திருக்கிறது, பதினொன்று பாக்கி. பிறகு ஓரப்பட்டி. முடித்ததும் தங்கைக்கு அனுப்பப்போவதில்லை. இங்கேயே ஒருமுறை முக்கி எடுத்து, பிழிந்து, அடுப்படிக் கொடியில் போட வேண்டும். தேவாலாவின் ஆடிக்கு இங்கே கொஞ்சமாவது ஈடுகொடுப்பது இந்த மழைதான். மார்கழி பிறந்தால் பனியும் பளீரென்ற வெயிலும் வந்துவிடும், சோதனை ஏமாற்றிவிடும். அதனால் மழை நிற்பதற்குள் முடிக்க இரவிலும் விளக்கடியில் உட்கார்ந்து தைக்கிறேன். நேற்று மதியம் இரண்டு மணி நேரம் வெயில் அடித்தது. மனைவி துணி காயப்போட மாடிக்கு ஓடினாள். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.