அந்தப் பிள்ளை என்ன செய்திருக்கலாம் என்று கேட்காதீர்கள்

சின்ன வயதில் எனக்குப் பாலியல் துஷ்பிரயோகம் நடந்தது. செய்தவர் வீட்டுக்கு வந்து போகிற, எல்லாரும் மரியாதை வைத்திருந்த ஒருவர். இதற்கு மேல் அந்த விபரம் இந்தப் பதிவில் வராது. நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லாமலேயே ஒருத்தி தேறி வரலாம் என்பதைத்தான் எழுத வந்தேன். எனக்கு அந்த வழியைத் திறந்துவிட்டது நாடகம்.

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தின் 10 அடிக்கு 12 அடி காம்பராவில் பக்கத்து வீட்டுக்காரர் இருமினாலும் கேட்கும். அழுவதற்கே இடமில்லை, வாய்விட்டுக் கத்த எங்கே போவது? கொழுந்துக்குப் போன அம்மா அந்தியில்தான் வருவார், வெளிநாட்டுக்குப் போன அம்மா எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. சொன்னாலும், "வெளியில தெரிஞ்சா நாளைக்கு உன்னை யாரு கட்டுவா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். என் வீட்டிலும் அப்படித்தான் முடிந்தது.

வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, கூட வேலை செய்த அக்கா ஒருவர் கூப்பிட்டார் என்று ஹட்டனில் ஒரு நாடகப் பயிற்சிக்குப் போனேன். மனசு ஆறும் என்றெல்லாம் நினைத்துப் போகவில்லை. அங்கே ஒரு பயிற்சி: இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நிற்க வேண்டும், ஒருவர் மெல்ல நடந்து வருவார், மற்றவர் போதும் என்று தோன்றுகிற இடத்தில் கையைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். என்னை நோக்கி வந்த தங்கச்சி மூச்சுப் படுகிற தூரத்துக்கு வந்துவிட்டாள், என் கை எழும்பவே இல்லை. தோளுக்குக் கீழே கை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. பழக்கிய அக்கா ஏன் என்று கேட்கவில்லை. "சரி பிள்ளை, இப்ப நீ நடந்து போ, அவ நிப்பாட்டுவா" என்று ஆளை மாற்றிவிட்டார். அதற்கு எத்தனையோ நாள் கழித்துத்தான் என் கை எழும்பியது. அவள் நின்றாள். நில் என்றால் ஒரு ஆள் நிற்பார் என்பதை என் உடம்பு அன்றைக்குத்தான் கண்டது.

ஆபத்தில் உடம்பு மரத்துப்போய் அசையாமல் நிற்பது இயற்கை. ஓடுவதையும் எதிர்ப்பதையும் போல அதையும் உடம்பு தானாகவே செய்கிறது, யோசித்து முடிவெடுக்க நமக்கு நேரம் தருவதில்லை. "ஏன் கத்தல?" என்று கேட்கிற யாரும் இதை யோசிப்பதில்லை.

அப்புறம் காமன் கூத்தை எடுத்தோம். மாசி மாதம் கம்பம் ஊன்றியதிலிருந்து மன்மதனை எரிக்கிற வரைக்கும் தோட்டமே கூடி நிற்கிற கூத்து. வழக்கமாக ரதி வேஷம் கட்டுவதும் ஆண், அவள் புலம்பலைப் பாடுவதும் ஆண், பெண்கள் சுற்றி நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வோம். பயிற்சியில் எல்லா வேஷமும் பெண்களுக்கு. நான் வீரபத்திரனைக் கேட்டு வாங்கினேன். தப்பு மேளம் வேகம் பிடிக்கப் பிடிக்கத் தரையை உதைத்து ஆடினேன், வருடக்கணக்காகத் தொண்டைக்குள் நின்ற சத்தம் முழுக்க அந்த ஆட்டத்தோடு வெளியே வந்தது. யாரும் ஐயோ பாவம் என்று பார்க்கவில்லை, இன்னும் ஓங்கி மிதி என்றார்கள். கோபம் வீரபத்திரனுடையது, அதனால் எனக்குப் பயமில்லாமல் இருந்தது.

இதனால்தான் தோட்டங்களுக்கு விழிப்புணர்வு நாடகம் கொண்டுவருகிற குழுக்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பிரேசிலின் அகஸ்தோ போவால் 1970களில் உருவாக்கிய விவாத அரங்கைத்தான் பலரும் போடுகிறார்கள்: காட்சியை ஒருமுறை நடித்துக் காட்டி, திரும்ப நடிக்கும்போது பார்க்கிறவர்களில் ஒருவர் நிறுத்தச் சொல்லி, ஒடுக்கப்படுகிறவரின் இடத்தில் தான் ஏறி வேறு விதமாகச் செய்து பார்ப்பார். சம்பளம், குடி, காணி எல்லாவற்றுக்கும் அது நல்ல முறை, எனக்கு அதில் பெரிய மதிப்பு இருக்கிறது. ஆனால் சிறுவர் துஷ்பிரயோகத்துக்கு அதை அப்படியே போட்டால், ஒரு அண்ணன் மேடையேறி அந்தச் சின்னப் பிள்ளையின் இடத்தில் நின்று கத்திக் காட்டுவார், ஓடிக் காட்டுவார், கைதட்டு விழும். கீழே உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவளுக்கு, நான் அப்படிச் செய்யவில்லையே, குற்றம் என்னுடையதுதானே என்று அங்கேயே உறுதியாகிவிடும். பிள்ளையை விட்டுவிட்டு மற்றவர்களை மாற்றுங்கள். கதவுக்கு வெளியே கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளை படிப்பில் பின்வாங்கியதும் அடித்த டீச்சர், வாயை மூடு என்ற சித்தி, இவர்கள் இடத்தில் ஏறி நின்று என்ன செய்வீர்கள் என்று காட்டச் சொல்லுங்கள். பெரியவர்கள் அங்கேதான் திணறுவார்கள், திணறட்டும்.

பாதிக்கப்பட்ட பிள்ளையையே மேடையேற்றி, அவள் கதையை அவளையே நடிக்க வைத்து, அதைப் படம் பிடித்துக்கொண்டு போகிற வேலையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அது அவளை இன்னொரு தடவை அந்த அறைக்குள் தள்ளுவது. அதோடு, நாடகம் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. உளவளத்துணைக்கும் போனேன், இரண்டும் சேர்ந்துதான் எனக்கு உதவியது.

நாடகம் முடிந்து சாமான்களை வேனில் ஏற்றும்போதுதான் ஒரு பிள்ளை கிட்ட வந்து ஒன்றும் பேசாமல் நிற்கும். குழுவில் ஒரு பெண்ணாவது அதற்கென்றே பிந்தி நிற்க ஏற்பாடு செய்துவிட்டுக் கூத்தைப் போடுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929, பெண்களுக்கான 1938 ஆகிய தொலைபேசி எண்களும், பக்கத்து அரச வைத்தியசாலையில் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவுகிற 'நட்பு நிலையம்' இருந்தால் அது எந்தப் பக்கம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.