தூண்டிலுக்கு இலையான் புழு: வாங்குவதும் வைத்திருப்பதும்

இங்கிலாந்தின் தூண்டில் கடைகளில் உயிருள்ள இலையான் (ஈ) புழுக்களைப் பைந்துக் கணக்கில் அளந்து விற்கிறார்கள். ஒரு பைந்து என்பது 568 மில்லிலீற்றர். அந்நாட்டில் பியரைப் போலவே புழுவும் இன்னும் பழைய அளவையில்தான் விலைபோகிறது. வாங்கப் போகிறவர், மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டியை நீட்டி, வெள்ளையா சிவப்பா என்று சொல்லி, நிரப்பிக்கொண்டு வந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால், அடுத்த கிழமை ஆற்றங்கரைக்குப் போகும்வரை அதைப் பற்றி நினைக்கவே தேவையில்லை. லண்டனில் இருக்கும் என் மச்சான் இப்படித்தான் செய்கிறார். மட்டக்களப்பு நகரின் கடைகளில் முள், தங்கூஸ், ஈயம், மிதப்பு எல்லாம் வாங்கலாம். புழுவை மட்டும் நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும். தேடிக்கொண்ட பின்னர், மச்சான் சொல்லித்தரும் முறையை அப்படியே பின்பற்றினால் ஓரிரு நாளிலேயே பெட்டிக்குள் புழு சாகத் தொடங்கிவிடும். குளிர்நாட்டு முறை நமது வெயிலுக்கு எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை எழுதி வைக்கவே இந்தப் பதிவு.

நாக்கிளிப்புழு, அதாவது மண்புழு, இருக்கும்போது இதற்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. மாரி காலத்தில் அந்தக் கேள்வி நியாயமானதே. வாழையடியில் மண்வெட்டியை ஒருமுறை போட்டால் போதும். ஆனால் கச்சான் காற்று வீசத் தொடங்கி, நிலம் வெடித்து, வாய்க்கால்களும் வற்றிய பிறகு நாக்கிளிப்புழு ஆழத்துக்கு இறங்கிவிடும். அரைமணி நேரம் கொத்தினாலும் நூல் போன்ற இரண்டு மூன்றுதான் கையில் வரும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பக்கத்துக் குளங்களில் நீர் வற்றி மீன் ஒதுங்கி நிற்பதும் அதே காலத்தில்தான். அப்போது இலையான் புழுவுக்கு நிகரான இரை வேறில்லை என்பது என் கருத்து. பனையேறி மீன் அதை விட்டுவைக்காது. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு இன்று எல்லாக் குளங்களையும் நிரப்பி நிற்கும் திலாப்பியா, பாசியும் சேற்றுணவும் தின்னும் மீன் என்றாலும், கண்ணெதிரே நெளிந்துகொண்டு இறங்கும் புழுவை வாயில் எடுத்துப் பார்க்கத் தவறுவதில்லை. கெளிறும் எடுக்கும்.

வாவிக்கு இது உதவாது. கல்லடிப் பாலத்தடியிலோ பாலமீன்மடு முகத்துவாரத்திலோ இதை இறக்கினால் பேத்தைக்கும் நண்டுக்கும் அன்னதானம் செய்ததாகவே முடியும். கொடுவாவை நினைத்துப் போகிறவர் உயிர் இறாலைத்தான் கொண்டுபோக வேண்டும். அதை வாளியில் காற்றூட்டி வைத்திருப்பது தனிக் கலை, அதை இங்கே இழுக்கவில்லை.

இங்கிலாந்துக் கடைகளில் விற்பது பெரும்பாலும் அந்நாட்டு நீல இலையானின் புழு. குளிர்நாட்டுப் பிறவியாதலால் இரண்டு முதல் நான்கு பாகை செல்சியஸ் குளிரில் அது உறங்கியதுபோல் கிடக்கும். இரண்டு கிழமை வரை அப்படி வைத்திருந்து வெளியே எடுத்தால் மறுபடி நெளியும். நம் ஊரில் மீன் வெட்டும் இடத்திலும் கருவாட்டு வாடியிலும் சுற்றித் திரிகிற, நீலப்பச்சை உடலும் பெரிய செங்கண்ணும் கொண்ட இலையான் வேறு இனம். அறிவியலார் அதைக் கிரைசோமையா மெகாசெபலா என்று அழைக்கிறார்கள். உப்பு சரியாகப் பிடிக்காத கருவாட்டை நாசமாக்குவதில் அதற்குப் பெரும் பங்குண்டு. நமது வெப்பத்தில் அதன் முட்டை ஒரு நாளுக்குள் பொரிக்கும். புழு நான்கைந்து நாளில் முழு வளர்ச்சி பெறும். பிறகு இரை தின்பதை நிறுத்திக்கொண்டு காய்ந்த இடம் தேடி ஊர்ந்து, தோல் தடித்துக் கூட்டுப்புழுவாகும். இன்னும் நான்கைந்து நாளில் இலையானாகப் பறக்கும். ஆகவே நமக்குக் கிடைப்பது, புழு கொழுத்து இரையை நிறுத்தும் வேளைக்கும் தோல் இறுகும் வேளைக்கும் நடுவிலுள்ள ஓரிரு நாள் மட்டுமே. சேமிப்பு என்று நாம் சொல்வதெல்லாம் அந்த இடைவெளியை எவ்வளவு நீட்ட முடியும் என்பதுதான்.

புழு பெற இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, மீன் குடலையும் செவுளையும் ஒரு பழைய வாளியில் போட்டு, நிழலில், வீட்டிலிருந்து எட்டத்தில் வைப்பது. இலையானுக்கு அழைப்பு அனுப்பத் தேவையில்லை. புழு கொழுத்ததும் கழிவிலிருந்து அதைப் பிரிக்க வேண்டும். இதற்கு ஒரு நயமான வழி உண்டு. புழு வெளிச்சத்துக்கு அஞ்சி ஒளிந்துகொள்ளும் பிராணி. பெரிய கண்ணுள்ள அரிதட்டில் கழிவைப் பரப்பி, கீழே தவிடு போட்ட தட்டொன்றை வைத்துவிட்டு அரிதட்டை வெளிச்சத்தில் வைத்தால், உயிருள்ளவை எல்லாம் தாமாகவே கண்களுக்குள் நுழைந்து தவிட்டில் விழும். செத்தவையும் அழுக்கும் மேலே தங்கிவிடும். மழைத்தூறல் போன்ற மெல்லிய சத்தத்தோடு அவை விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் எனக்கு ஓர் ஈர்ப்பு உண்டு என்பதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். விழுந்தவற்றுள் சில, உடலெங்கும் முள் போன்ற சதைப்புடைப்புகளுடன் கரடுமுரடாக இருக்கும். அவை வேறோர் இலையானின் புழுக்கள். கூட இருக்கும் புழுக்களையே தின்னும் வழக்கமுடையவை. கண்டவுடன் பொறுக்கி எடுத்துவிட வேண்டும்.

இந்த வழியின் குறை நாற்றமும் அயலாரின் முகச்சுளிப்பும் மட்டுமல்ல. வாளியைக் கவனிக்க ஒரு நாள் தவறினால் நாம் வளர்த்தது இரை அல்ல, அயலுக்கெல்லாம் இலையான் என்றாகிவிடும். சுகாதாரப் பரிசோதகர் படலையைத் தட்டினால் அவர்மீது பிழை சொல்ல முடியாது. வீடுகள் நெருங்கிய, வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரை ஊர்களில் இதைச் செய்யவே கூடாது என்பேன்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. கோழிக்குத் தீனியாகக் கறுப்புப் படைவீரன் ஈயின் புழுவை வளர்ப்பவர்கள் இப்போது இருக்கிறார்கள். சமையலறைக் கழிவையும் பழத்தோலையும் தின்று வளரும் இந்தப் புழு, இலையான் புழுவைவிடத் தட்டையானது, பெரியது, தோல் தடித்தது. வளர்ந்த ஈ நம் சாப்பாட்டில் வந்து உட்காருவதில்லை. புழுப் பருவத்தில் சேர்த்து வைத்த கொழுப்பிலேயே ஒரு கிழமை அளவில் வாழ்ந்து, முட்டையிட்டு முடிந்துவிடும். ஆகவே தப்பிப் பறந்தாலும் பெரிய தொல்லையில்லை. நான் வாங்கும் கோழிப் பண்ணைக்காரர் முதலில் என்னை ஐயத்தோடுதான் பார்த்தார். "என்ன அண்ணன், கோழித் தீனியக் கொண்டுபோய் மீனுக்குப் போடவா கேக்குறீங்க?" என்றார். இப்போது வெளிறிய நிறப் புழுக்களை எனக்கென்று ஒதுக்கி வைக்கிறார். பிந்திப் போனால், "மறுகா வாங்க அண்ணன், கறுத்ததுதான் கிடக்கு" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். அவர் சொல்வதில் பொருள் உண்டு. வெளிறிய நிறத்தில் இருப்பது இன்னும் தின்னும் பருவம். கறுத்தது தின்பதை நிறுத்திக் கூடடையப் போகும் பருவம். கறுத்த புழுவின் தோல் மிகவும் இறுகியிருக்கும். நெளிவும் குறைவு, நீரில் கண்ணுக்குப் படுவதும் குறைவு. ஆனால் நெடுநாள் வைத்திருக்க வேண்டுமானால் கறுத்ததே மேல்: உணவு கேட்காது, உலர்ந்த தும்புத்தூளில் நிழலில் வைத்தால் ஒரு கிழமை சும்மா கிடக்கும்.

எங்கு வாங்கினாலும், எவரிடம் வாங்கினாலும், கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். இலையான் புழுவாயின், அதன் வெளிறிய தோலினூடே உடலின் முன்பகுதியில் ஒரு கரும்புள்ளி தெரிய வேண்டும். அது இரைப்பையில் இன்னும் செரியாமல் இருக்கும் உணவு. புள்ளி பெரிதாக இருந்தால் புழு இளையது. புள்ளி மறைந்துவிட்டால் இன்றோ நாளையோ தோல் இறுகப் போகிறது. உள்ளங்கையில் வைத்தால் உடனே விரலிடுக்கை நோக்கி ஓட வேண்டும். நீண்டு தொய்ந்து கருநிறமாகக் கிடப்பவை செத்தவை; பெட்டியைத் திறந்ததும் கண்ணைக் கரிக்கும் அமோனியா நெடி வந்தால் அந்தப் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவதே நல்லது.

வைத்திருப்பதில் இரண்டு பகைகள்: ஈரமும் நெருக்கமும். ஈரம் பட்ட புழு, உலர்ந்த நிலையில் ஏறவே முடியாத வழுவழுப்பான பிளாஸ்டிக் சுவரில் ஒட்டி ஏறி, மூடியின் விளிம்பு வரை வந்து, காற்றுத் துளை வழியே வெளியேறிவிடும். நாம் விடும் காற்றுத் துளை அதன் தலையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். தவிடோ மரத்தூளோ சோளமாவோ சேர்த்தால், புழு விடும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். நனைந்து கட்டியானதும் அரித்தெடுத்துப் புதியதை மாற்ற வேண்டும். நமது அரிசி ஆலைகளில் மலிவாகக் கிடைக்கும் தவிடே இதற்குப் போதுமானது.

நெருக்கத்தைப் பலரும் கவனிப்பதில்லை. புழுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து நெளியும்போது குவியலின் நடுவே வெப்பம் ஏறும். சுற்றுப்புறத்தைவிடப் பத்துப் பாகைக்கு மேலும் கூடுவது உண்டு. பெட்டிக்குள் விரலை விட்டால் காய்ச்சல்காரரின் நெற்றி போலச் சுடும். ஏற்கெனவே முப்பது பாகையைத் தாண்டிய நமது முற்றத்தில், இந்தச் சூடே புழுவை அவசரமாக முதிரச் செய்கிறது, அல்லது அவித்துக் கொல்கிறது. ஆகவே ஆழமான வாளி வேண்டாம். அகலமான தட்டில் இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்ப வேண்டும். ஒரே பெட்டியில் நிறைய வைப்பதைவிட, நாலு பெட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக வைப்பது நல்லது.

குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதானால், நம் ஊர்ப் புழு வெப்பநாட்டுப் பிறவி என்பதை மறக்கலாகாது. மேல்தட்டின் கடுங்குளிரில் வைத்தால் ஓரிரு நாளில் சாகத் தொடங்கும். மரக்கறி வைக்கும் கீழ் இழுப்பறை போதும். அங்கே குளிர் சற்று மிதமாக இருக்கும். இதற்கு வீட்டார் சம்மதிப்பார்களா என்பது வேறு கதை. என் மனைவி, "புழு உள்ளே வந்தா நான் வெளியே போறன்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டதால், ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போத்தல்களை மாற்றி மாற்றி வைத்துச் சமாளிக்கிறேன். ஐஸை நேரே கொட்டினால் உருகிய நீர் புழுவை நனைத்துவிடும். மூடிய போத்தலில் உறையவைத்து, அதற்கும் புழுப் பெட்டிக்கும் நடுவே ஒரு சாக்குத் துண்டை மடித்து வைக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை நீண்டபோது குளிர்சாதனப் பெட்டியை நம்பியவர்களுக்கும் இதே நிலைமைதான்.

மண்பானை முறையும் உண்டு. பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் மணல் நிரப்பி, மணலை நனைத்து, உள்பானையின் வாயை ஈரச் சாக்கால் மூடி நிழலில் வைத்தால், நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கச்சான் காலத்தின் வறண்ட காற்றில் இது நன்றாகவே வேலை செய்யும். மாரிக் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாதல் நின்றுபோய், பானை வெறும் பானையாகவே இருக்கும். ஆனால் மாரியில் நாக்கிளிப்புழு இருக்கிறதே என்று விட்டுவிடலாம். மணலின் ஈரம் உள்பானைச் சுவரில் கசியக்கூடும். ஆகவே புழுவைத் தவிட்டோடு தனிப்பெட்டியில் இட்டே உள்ளே இறக்க வேண்டும்.

முள்ளில் கோர்க்கும்போது புழுவின் கூர்முனை தலை, மொட்டை முனைதான் வால். மொட்டை முனையில் கண்கள் போல் தெரியும் இரண்டு கபில நிறப் புள்ளிகள் அதன் மூச்சுத் துளைகள். அந்த முனையின் தோலை மட்டும் தூக்கி, சிறிய முள்ளின் நுனியால் மெல்லக் குத்தினால் உள்ளிருப்பது வழியாது. புழு தண்ணீரில் நெடுநேரம் நெளிந்துகொண்டேயிருக்கும். நடுவில் குத்தினால் சாறு வழிந்து வெறுந்தோலே மிஞ்சும்.

நிறமூட்டுவதைப் பற்றி ஒரு சொல். இங்கிலாந்தில் முன்னர் கிரைசொய்டின் என்ற சாயத்தால் புழுவுக்குச் செம்மஞ்சள் நிறம் ஊட்டினார்கள். தூண்டிற்காரர்களிடையே சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்ற அச்சம் 1980களில் எழுந்ததும் அந்தச் சாயத்தைக் கைவிட்டார்கள். குளிர்காலத்தில் விறைத்த புழுவை வாய்க்குள் வைத்துச் சூடேற்றும் பழக்கமும் அங்குள்ள சிலரிடம் உண்டு என்பதை எண்ணினால் அந்த அச்சம் எவ்வளவு பொருத்தமானது என்று விளங்கும். நிறம் வேண்டுமென்று நினைப்பவர் புடைவைச் சாயத்தைத் தொட வேண்டாம். தவிட்டில் ஒரு கரண்டி மஞ்சள்தூள் கலந்தால் போதும், அங்குள்ளவர்களே அதை இப்போது விரும்பிச் சேர்க்கிறார்கள்.

மிஞ்சிய புழுவை குளக்கரையில் கொட்டிவிட்டு வராதீர்கள். கோழிக்குப் போடலாம், கோழி இல்லாவிட்டால் கொதிநீர் ஊற்றி, ஒரு சாண் ஆழத்தில் தென்னையடியில் புதைக்கலாம். பெட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவிடுங்கள்; கையையும் அப்படியே, சோற்றுப் பார்சலைப் பிரிப்பதற்கு முன்னர்.